கால் சுத்து ஸூஸ் போட்ட ஃபெண்டர்: கழற்ற ஒரு நிமிஷம், பிய்ய ஒரு நொடி

மண்ரோடு:
மாருதி ஜிப்ஸி. முன் ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேல மூடற தகடு) ரெண்டுலயும் கம்பெனி போல்ட்டை எடுத்துட்டு, பக்கத்துக்கு 8 ஸூஸ் (Dzus) பட்டன், அதாவது கால்வாசி சுத்துல பூட்டித் திறக்கற பட்டன். (பின்பக்கம் பாடித் தொட்டியோட சேர்ந்த வெல்டிங், அதை விட்டுடலாம்.) ஷெட்ல அருமையான வேலை. ஸ்க்ரூடிரைவர் வெச்சு கால் சுத்து சுத்தினா பட்டன் தானா எகிறும், ஃபெண்டர் கையோட வந்துடும்.

ஓடை இறக்கத்துல இடது வீல் ஆர்ச் ஒரு வேலமரக் கட்டை மேல உக்காந்துச்சு. ஃபெண்டர் மேல தள்ளினது அரை இன்ச் இருக்கும், அவ்வளவுதான். முதல் பட்டனோட எஸ் ஸ்பிரிங் (பட்டனைப் பின்னாடி கவ்விப் பிடிக்கற வளைஞ்ச கம்பி) ரெண்டு ரிவெட்டையும் பிடுங்கிட்டு வந்துச்சு. அப்புறம் டக் டக்னு வரிசையா இன்னும் 4. ஃபெண்டர் மீன் செவுள் மாதிரி விரிஞ்சு நின்னுச்சு. மிச்சம் 3 பட்டன்ல ஓட்டை முட்டை வடிவம் ஆயிடுச்சு. ரிவெட் அலுமினியம், ஒரு நூல் (1/8 இன்ச்) கனம், பின்னாடி வாஷர் இல்லை. ஸ்டீல் ரிவெட் மாத்தினா போதுமா, இல்ல ஸூஸே ஆஃப்ரோடுக்கு ஆகாதா?

மரை:
ஸ்டீல் ரிவெட் போட்டா அடுத்த தடவை ரிவெட் நிக்கும், தகடு கிழியும். ஸூஸோட வேலை பேனலை உள்பக்கம் இழுத்துப் பிடிக்கிறது மட்டும்தான். மேல, கீழ, முன்ன, பின்ன வர்ற தள்ளல் எதையும் அது மேல ஏத்தக் கூடாது. உங்க ஃபெண்டருக்கு உக்கார இடமே இல்லை, 8 பட்டன்ல தொங்கிட்டு இருந்திருக்கு.

8 மிமீ கம்பியில 20 மிமீ நீளத்துக்கு முளை வெட்டி, நுனியைக் கூம்பா கடைஞ்சு, பாடி பக்கம் வெல்டு பண்ணுங்க. ஃபெண்டருக்கு 2 போதும். ஃபெண்டர்ல 8.5 மிமீ ஓட்டை, அதுக்குப் பின்னாடி 40க்கு 40 அளவுல 1.5 மிமீ தகடு ஒட்டு. முன் ஓரத்துல 25 மிமீ மடிப்பு வெச்சு கிரில் பக்கம் ஒரு நாக்குக்கு அடியில சொருகுற மாதிரி செஞ்சா, பாரம் முழுக்க மடிப்புக்கும் முளைக்கும் போயிடும். அப்புறம் 8 பட்டன் எதுக்கு? 5 போதும். நுனி கூம்பா இல்லேன்னா சேறு பிடிச்ச முளையில ஃபெண்டரை ஏத்தவே முடியாது, இதை மட்டும் மறந்துடாதீங்க.

இருபதுகேஜ்:
மரை சொல்றது சரி, ஆனா பாதிதான். பட்டன் நீளத்தை யாரும் கேக்கவே இல்லையே? ஃபெண்டருக்கும் பாடிக்கும் நடுவுல 3 மிமீ ஸ்பாஞ்சு ரப்பர் ஒட்டியிருப்பீங்க, எல்லாரும் ஒட்டுவாங்க. பட்டன் நீளம் தகடு, ரப்பர், பிராக்கெட் எல்லாம் சேர்ந்த கனத்துக்குக் கணக்கு. புது ரப்பர்ல இறுக்கமா இருக்கும், ரெண்டு மாசத்துல ரப்பர் அமுங்கி அதே பட்டன் லொடலொடன்னு ஆயிடும். பட்டனுக்கு நேர் கீழ ரப்பரே வரக் கூடாது. அந்த இடத்துல ரப்பரை வட்டமா வெட்டிட்டு, அமுங்கின கனத்துக்கு நைலான் வாஷர் வைங்க.

சோதிக்க வழி: சுத்தும்போது கடைசியில ‘டக்’னு ஸ்பிரிங் பள்ளத்துல விழணும். விரலாலேயே சுத்துதுன்னா பட்டன் நீளம் அதிகம். பட்டன் தலையில ஸ்க்ரூடிரைவர் வெட்டோட விளிம்பு பிய்யற அளவுக்கு முறுக்க வேண்டியிருந்தா நீளம் குறைவு. பூட்டினதும் பட்டன்ல இருந்து ஃபெண்டர் வரைக்கும் மஞ்சள் பெயின்ட்ல ஒரு கோடு போடுங்க. கோடு உடைஞ்சிருந்தா பூட்டலைன்னு தூரத்துலேயே தெரியும்.

கட்டைவண்டி:
ஸூஸ் வேணாம்னு ரிவ்நட் (தகட்டு ஓட்டையில ரிவெட் மாதிரி இறுக்கற நட்) போட்ட வண்டியோட கதி இது. எம்6 ரிவ்நட், ஸ்டெயின்லெஸ் போல்ட். கழற்றப் போனா பத்தாம் நம்பர் ஸ்பானர் சுத்துது, போல்ட் சுத்துது, உள்ள ரிவ்நட்டும் சேர்ந்து சுத்துது, ஃபெண்டர் அசையலை. கடைசியில கிரைண்டர்ல தலையைச் சீவி எடுத்தாங்க. தப்பு ரெண்டு. எம்6 ரிவ்நட்டுக்கு ஓட்டை 9 மிமீ. அங்க கைவாக்குல 9.5 போயிருந்துச்சு. அடுத்தது, ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் ஸ்டெயின்லெஸ் ரிவ்நட்டும் ஒண்ணோட ஒண்ணு உரசி மரை ஒட்டிக்கும், ஆன்ட்டி சீஸ் கிரீஸ் (மரை ஒட்டாம தடுக்கற கிரீஸ்) இல்லாம ஏத்தவே கூடாது. வெளிப்பக்கம் ஓரம் அறுகோணமா இருக்கற ரிவ்நட் சுத்தாது, ஆனா ஓட்டையை அரத்தால ஆறு மூலையா ராவணும். அந்தப் பொறுமை எத்தனை பட்டறைல இருக்கு?

உச்சிவெயில்:
காலையில 6 மணிக்கு வழுக்கிட்டு வந்த அலுமினிய சைடு பேனல், மத்தியானம் 2 மணிக்குப் பூட்ட வரலை. கடைசி ரெண்டு ஓட்டை விலகி நிக்குது. அலுமினியம் மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 0.023 மிமீ நீளும், ஸ்டீல் 0.012. பேனல் 1.1 மீட்டர், சூடு 35 டிகிரி ஏறினா வித்தியாசம் 0.4 மிமீக்கு மேல. கறுப்பு பெயின்ட் அடிச்ச பேனல் சேசிஸைவிட இன்னும் சூடாகும், அப்ப வித்தியாசமும் ஏறும். எல்லாத்தையும் வட்ட ஓட்டையா போட்டா இதான் நடக்கும். நடுவுல ஒண்ணு மட்டும் வட்டம், மத்ததெல்லாம் நீளவாக்குல 2 மிமீ கூடுதலா. மரையோட முளைக்கும் இதே கணக்குதான்: ஒரு முளைக்கு வட்டம், இன்னொண்ணுக்கு நீள ஓட்டை. அதை அவர் சொல்லலை.

மரை:
ஸ்டீல் ஃபெண்டருக்கு அது தேவையில்லை. கேள்வி ஜிப்ஸியைப் பத்தினது.

பழையஜீப்:
பழைய மஹிந்திரா ஜீப் பானட் மாதிரி பக்கத்துல கொக்கி போட்டா முடிஞ்சுது. ரப்பர் கொக்கி மட்டும் வேணாம், வெயில்ல வெடிச்சு ஒரு நாள் கையோட வரும்.

இருமுனை:
யாரும் வயரைப் பத்திப் பேசலையே. வேகமா கழற்றின ஃபெண்டர் கூடவே இண்டிகேட்டர் வயரும் பிய்ஞ்சு, பித்தளை முனை பாடியில பட்டு பொறி பறந்ததைக் கண்ணால பார்த்தாச்சு. ஃபியூஸ் போனதோட தப்பிச்சுது. கேக்காம சொல்றேன்னு நினைக்காதீங்க. தண்ணி புகாத 2 பின் கனெக்டர் (டாய்ச் டிடி வகை) போடுங்க. கரன்ட் வர்ற பக்கத்துக்குக் குழி முனை, ஃபெண்டர் பக்கத்துக்கு ஊசி முனை. மாத்திப் போட்டா கழற்றினதும் கரன்ட் உள்ள ஊசி வெளிய நீட்டிட்டு நிக்கும். கனெக்டரை சேசிஸ் பக்கம் கிளிப் பண்ணுங்க, ஃபெண்டர் பக்கம் 150 மிமீ வயர் தொய்வா இருக்கட்டும்.

இன்னொரு வம்பு எர்த். முன்னாடி போல்ட் வழியா பாடி எர்த் கிடைச்சுட்டு இருந்தது. நடுவுல ரப்பரும் நைலான் வாஷரும் வந்ததும் அது அறுந்துடும். பல்பு மங்கும், இல்ல விட்டு விட்டு எரியும். ஸ்விட்ச்சைக் குடையாதீங்க, தனி எர்த் வயர் இழுங்க. அதுக்குத்தான் 2 பின். ரோட்டுல ஃபெண்டர், இண்டிகேட்டர் எல்லாம் மாட்டித்தான் ஓட்டணும்னு தனியா சொல்லத் தேவையில்லைன்னு நினைக்கிறேன்.

மண்ரோடு:
அண்ணன்களுக்கு நன்றி. இருபதுகேஜ் ஊகம் சரி, 3 மிமீ ரப்பர்தான். இப்ப இடது பக்கம் 2 முளை, முன் மடிப்பு, 5 பட்டன், ஸ்பிரிங்குக்கு ஸ்டீல் ரிவெட், பின்னாடி 1.5 மிமீ தகடு. ஜாக்கி வெச்சு வீல் ஆர்ச்சைக் கீழேருந்து தூக்கிப் பார்த்தா, பட்டன் அசையாம வண்டியே எழும்புது. ஒரு தொல்லை மிச்சம்: கடைசி பட்டன் கதவுக் கீல் பக்கத்துல விழுந்திருக்கு, கதவைத் திறந்தாத்தான் ஸ்க்ரூடிரைவர் போகும். வண்டி மரத்துல சாஞ்சு நின்னா கதவு திறக்காது. அங்க வேற என்ன போடலாம்?

மரை:
அங்க பட்டனே வேணாம். இன்னொரு மடிப்பு வைங்க, முன்பக்கம் பட்டன்.

உச்சிவெயில்:
முன்னயும் பின்னயும் மடிப்பு வெச்சா எப்படி சொருகுவீங்க மரை சார்?

மரை:
பின் மடிப்பு 10 மிமீ. முன்னாடி 25 மிமீ நாக்குல முழுசா தள்ளி, 12 மிமீ பின்னால இழுங்க. பெட்டி மூடி கணக்கு.