பயோசார் போட்ட மிளகாய் நாற்று மஞ்சளாகிறது, அவசரம்

காட்டுப்பூனை: வணக்கம். பயோசார் (காற்றை அடைத்துச் சுட்ட பயிர்க்கழிவுக் கரி) போட்டால் மண் தேறும் என்று கேள்விப்பட்டு நானே டிரம்மில் கரி சுட்டுப் போட்டேன். பன்னிரண்டே நாளில் மிளகாய் நாற்று மஞ்சளாகிவிட்டது. எத்தனை டிகிரியில் சுட்டிருக்க வேண்டும்? நடவு நெருங்குகிறது.

மண்புழு: எந்தப் பயிரின் கழிவு? என்ன மண்? எவ்வளவு போட்டீர்கள்? சாணக் கரைசலில் ஊறவைத்தீர்களா? டிகிரியை மட்டும் கேட்டால் எப்படி?

மூட்டக்காரன்: சூடு பத்தாத கோளாறுதான். 300, 350 டிகிரியோடு நின்றால் கரி அரைவேக்காடு, தார் ஒட்டியிருக்கும். அதைத் தின்ன வரும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தையும் (நைட்ரஜன்) சேர்த்து இழுத்துக்கொள்ளும். கரியைக் கையில் தேய்த்துக் கழுவிப் பாருங்கள். வெறும் தண்ணீரில் போனால் வெந்தது. பிசுபிசுவென்று சோப்பு கேட்டால் வேகாதது. நாங்கள் சீமைக்கருவேல விறகைக் கரியாகச் சுடும் மூட்டத்தில் கரியைக் கீழே போட்டுச் சத்தம் கேட்போம். 'கிண்' என்றால்தான் மூட்டையில் ஏறும்.

ஆய்வகத்தார்: மாதம் ஒருமுறை இதே கேள்வி. இந்தக் குழுவின் பழைய பதிவுகளைத் தேடிப் படிக்கும் வழக்கம் இங்கே யாருக்கும் இல்லை போல. கடைசியாகச் சொல்கிறேன். சூடு ஏற ஏறக் கரி குறையும். 350-ல் நூறு கிலோ காய்ந்த கழிவுக்குச் சுமார் 40 கிலோ கிடைத்தால், 600-ல் 30 கிலோவே பெரிது. சாம்பல் சத்து முழுக்க அந்தக் கொஞ்சக் கரியில் சேர்வதால் காரம் ஏறும், பிஎச் (அமில-கார அளவு, 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) 10 வரை போகலாம். நுண்துளைகள் பெருகும், மண்ணில் வெகுகாலம் மட்காது. ஆனால் சத்தைப் பிடித்துவைக்கும் ஆக்சிஜன் தொகுதிகள் போய்விடும், தழைச்சத்திலும் பெரும்பகுதி ஆவியாகிவிடும். எல்லா மண்ணுக்கும் பொதுவான 'நல்ல டிகிரி' கிடையாது.

காட்டுப்பூனை: மன்னிக்கவும், பருத்திமார் (காய்ந்த பருத்திச் செடித் தண்டு). கரிசல் மண். தெர்மாமீட்டர் இல்லை. இருட்டிய பிறகு பார்த்தால் டிரம்மின் அடி மங்கலாகச் சிவந்திருந்தது.

மண்புழு: இரும்பு சிவந்தால் 500-ஐத் தாண்டிவிட்டது. மூட்டக்காரரே, உங்கள் அரைவேக்காடு கணக்கு உதவாது.

மூட்டக்காரன்: அடி சிவந்தால் நடுவிலும் வெந்தது என்று அர்த்தமா? நடுக் கட்டு பழுப்பாகவே நிற்கும், நான் பார்த்திருக்கிறேன்.

நெல்மணி: எதற்கு இந்தப் பாடு? ஆலை வாசலில் உமிச் சாம்பல் சும்மா கிடக்கிறது. அதுவும் பயோசார்தானே.

ஆய்வகத்தார்: இல்லை. கொதிகலனில் காற்று கொடுத்து எரித்தது சாம்பல். காற்றை அடைத்துச் சுட்டால்தான் கரி.

நெல்மணி: கன்னங்கரேல் என்று இருக்கிறதே சார், அந்தக் கறுப்பு என்ன?

மண்புழு: எரியாமல் மிஞ்சிய கரிதான். உமியிலேயே ஐந்தில் ஒரு பங்கு வரை சாம்பல், அதில் பெரும்பகுதி சிலிக்கா. ஒழுங்காகச் சுட்ட உமிக்கரியை எடுத்தாலும் பாதியை நெருங்கிச் சாம்பல்தான் இருக்கும். அதனால் இருவரும் கொஞ்சம் கொஞ்சம் சரி.

ஆய்வகத்தார்: 'கொஞ்சம் சரி' என்று அறிவியலில் ஒன்று கிடையாது.

நெல்மணி: அப்போ நெல் வயலில் போட்டு நான் எடுத்த மகசூல் மட்டும் பொய்யா?

மூட்டக்காரன்: அந்தப் பையனின் மிளகாயை மறந்துவிட்டீர்கள்.

மண்புழு: ஆமாம். தம்பி, மஞ்சள் மேல் இலையிலா, கீழ் இலையிலா?

காட்டுப்பூனை: மேலே, புது இலையில். நரம்பு மட்டும் பச்சை.

மண்புழு: அப்படியானால் தழைச்சத்துக் குறை இல்லை, அது கீழ் இலையில் தொடங்கும். இது இரும்புக் குறை. கரிசலில் ஏற்கெனவே பிஎச் 8-க்கு மேல். அதில் காரக் கரியைக் கொட்டினால் இரும்பு வேருக்கு எட்டாது. ஒரு பங்கு கரித்தூள், இருபது பங்கு காய்ச்சி வடித்த நீர், நன்றாகக் குலுக்கி பிஎச் தாளை நனைத்துப் பாருங்கள். இப்போதைக்கு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, சாயங்காலமாகத் தெளியுங்கள். அடுத்த சூட்டில் டிரம் சிவக்க விடாதீர்கள்.

ஆய்வகத்தார்: இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன்.

மூட்டக்காரன்: இரும்பு என்ற சொல் உங்கள் பதிவில் எங்கே இருக்கிறது ஐயா?

மண்புழு: எவ்வளவு போட்டீர்கள் என்பதற்கு இன்னும் பதில் இல்லை.

(ஒன்பது நாள் கழித்து)

காட்டுப்பூனை: தாள் 10 காட்டியது. துளிர் பச்சையாக வருகிறது, நன்றி. நாற்றுத் தட்டில் பாதி மண், பாதி கரி.

மண்புழு: பாதிக்குப் பாதியா! பத்தில் ஒரு பங்கே அதிகம்.

நெல்மணி: மீதிக் கரியை என்ன செய்யப் போகிறீர்கள்?