பெயர் குறிக்கப்படாத சிறு பீரங்கிகளை அடையாளம் காண உதவி தேவை

வணக்கம். நெப்போலியன் காலப் போர் விளையாட்டுக்காகப் பழைய பொருளாக வாங்கிய பெட்டி ஒன்றில், 28 மி.மீ. அளவு பொம்மை வீரர்களுக்கு ஏற்ற ஐந்து உலோகப் பீரங்கிகள், அடியில் எழுத்தோ எண்ணோ இல்லாமல் இருந்தன. இரண்டின் வண்டிக்கு வால் (தரையில் ஊன்றும் பின்பகுதி) ஒற்றைக் கட்டையாக இருப்பதால் அவை பிரிட்டிஷ் பீரங்கிகள் என்றே கொள்கிறேன். மற்ற மூன்றும் இரு பக்கப் பலகைகள் கொண்டவை. பிரான்ஸ், ஆஸ்திரியா, பிரஷ்யா ஆகிய மூன்று நாடுகளும் அவ்வகையைப் பயன்படுத்தியதால் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

அவற்றுள் ஒன்றில் குழாயைத் தாங்கும் பள்ளங்கள் இரண்டு இடங்களில் உள்ளன. கிரிபோவால் முறை எனப்படும் பிரெஞ்சுப் பீரங்கி அமைப்பில் 8, 12 பவுண்டுப் பீரங்கிகளுக்கு (எண் குண்டின் எடையைக் குறிக்கும்), பயணத்தின்போது குழாயைப் பின்னுக்குத் தள்ளி வைக்க இந்த ஏற்பாடு இருந்தது. ஆயினும் இது எந்த அளவு என்று தீர்மானிக்க முடியவில்லை. முன்பு வைத்திருந்தவர் பூசிய ஆலிவ் பச்சையை (பிரெஞ்சு நிறம்தான் என்றாலும்) நான் சான்றாக ஏற்கவில்லை. எஞ்சிய இரண்டையும் ஆஸ்திரியப் பீரங்கியா, பிரஷ்யப் பீரங்கியா எனப் பிரித்தறிய, சக்கரத்திலோ குழாயின் பிடிகளிலோ எதைப் பார்க்க வேண்டும் என்று அறிந்தவர்கள் கூறினால், வண்ணம் பூசும் முன் திருத்திக்கொள்வேன்.