மறு: எழுத்துகளைக் கொடுத்து ஆங்கிலச் சொல் தேடுதல் – கலைச்சொல் முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு,

> மூன்று பொத்தான்களுக்கும் 'எழுத்துத் தேடல்' என்ற ஒரே பெயர் போதும். பயனர் எழுத்துகளைத் தருகிறார், செயலி சொற்களைத் தருகிறது, அவ்வளவுதானே?

அவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆங்கிலச் சொல் தேடும் நம் செயலியின் அந்த மூன்று பொத்தான்களும் மூன்று வேறு வினாக்களுக்கு விடை சொல்கின்றன. ஒரே பெயரை இட்டால், விடை தவறு என்று பயனர்கள் புகார் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள்.

எல், ஐ, எஸ், டி, ஈ, என் என்னும் ஆறு எழுத்துகளை எடுத்துக்கொள்வோம். ஆறையும் மிச்சமின்றி, வேறெதையும் சேர்க்காமல் பயன்படுத்தினால் லிசன், சைலன்ட், என்லிஸ்ட், டின்சல், இன்லெட்ஸ் ஆகியவை கிடைக்கும். இந்த ஆறுக்குள் மட்டும் நின்று, எல்லாவற்றையும் பயன்படுத்தியாக வேண்டும் என்ற கட்டாயமில்லாமல் தேடினால் லைன், டைல், நெஸ்ட், டின் என்று பட்டியல் நீளும். ஏழு கட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்கிராபிள் ஆடுபவர், பலகையில் ஏற்கெனவே உள்ள எழுத்துகளைக் கணக்கில் எடுக்கும் முன் மனத்துக்குள் செய்து பார்ப்பது இதைத்தான். மூன்றாவது வினா இதற்கு நேர்மாறானது: இந்த ஆறும் கட்டாயம் இருக்க வேண்டும், வேறு எழுத்துகளும் உடன் வரலாம். இதற்கு எசென்ஷியல் என்ற சொல் பொருந்தும். நேஷனலிஸ்ட் என்பது, பார்த்தால் பொருந்துவதுபோல் இருந்தாலும், ஈ என்னும் எழுத்து அதில் இல்லாததால் பொருந்தாது.

முதல் வகைக்கு 'எழுத்துமாற்று' என்று ஒரு பரிந்துரை வந்தது. சம்பந்தர் பாடிய மாலைமாற்றின் (முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒன்றுபோல் படிக்கப்படும் செய்யுளின்) சாயலில் அமைந்திருப்பதால் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுத்துரு மாற்றிகளோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டிய நம் கணினிப் பயனர்கள் 'எழுத்துமாற்று' என்ற பொத்தானைக் கண்டால், பழைய குறியாக்கத்திலிருந்து யுனிகோடுக்கு மாற்றும் வசதி என்றே எண்ணி அழுத்துவார்கள். கணிதப் பாடநூல்களில் வரிசைமாற்றம் என்ற சொல் ஏற்கெனவே நிலைபெற்றிருக்கிறது. ஒரு சொல்லின் எழுத்துகளை வரிசை மாற்றிப் பெறும் இன்னொரு சொல் என்பதால் 'வரிசைமாற்றுச்சொல்' என்பதை முன்மொழிகிறேன். சற்று நீளம்தான். அதற்காக 'மாற்றுச்சொல்' என்று சுருக்கினால், அதே பொருள் தரும் வேறு சொல்லைக் குறிக்கும் வழக்கோடு அது மோதும்.

இரண்டாவதற்கு 'உட்சொல்' என்று சொல்லியிருந்தார்கள். கணிதத்தின் உட்கணம் என்பதை ஒட்டி வந்த நல்ல ஆக்கம். எனினும் லிசன் என்பதன் எழுத்துக்கோவையில் முதல் நான்கும் சேர்ந்து லிஸ்ட் என்று தொடர்ச்சியாக ஒளிந்திருப்பதையே அந்தச் சொல் முதலில் நினைவூட்டுகிறது. நாம் தேடுவதில் தொடர்ச்சிக்கு இடமே இல்லை. ஆகவே தரப்பட்ட எழுத்துகளுக்குள் அடங்குவது 'அடங்குசொல்', தரப்பட்ட எழுத்துகளைத் தன்னுள் கொள்வது 'கொள்சொல்' என இரண்டையும் வினைத்தொகையாகவே வைத்துக்கொள்ளலாம். கொள்கலன், கொள்ளளவு என்று புழங்கும் நமக்குக் கொள்சொல் அந்நியமாகப்படாது. இத்தகைய எழுத்து விளையாட்டுக்குப் பெயரிடுவது தமிழுக்குப் புதிதும் அல்ல. மூன்றெழுத்துச் சொல்லின் முதலும் ஈறும் சேர்ந்து வேறொரு சொல்லாவதைத் திரிபாகி என்று சித்திரகவி நூலார் தனியே பெயரிட்டு வைத்திருக்கிறார்கள்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப்படும் சிக்கலுக்கு வருகிறேன். மேற்சொன்ன ஆறு எழுத்துகளிலிருந்து ஸ்டீல் அமையுமா? எஸ், டி, ஈ, எல் நான்கும் இருக்கின்றன. ஆனால் ஸ்டீலுக்கு ஈ இரண்டு வேண்டும். கட்டையை வைத்து ஆடும் ஸ்கிராபிளில் கையில் ஓர் ஈ மட்டும் இருந்தால் அது அமையாது. ஏழு எழுத்துகளைத் தந்து சொற்களைக் கேட்கும் நியூயார்க் டைம்ஸின் ஸ்பெல்லிங் பீ புதிரில் ஒரே எழுத்தை எத்தனை முறையும் பயன்படுத்தலாம் என்பதால், அந்த விதியின்படி அமையும். கணிதமாகச் சொன்னால் ஸ்கிராபிளில் நம் கையில் இருப்பது பல்கணம் (எழுத்து எத்தனை முறை உண்டு என்பதும் கணக்கு), ஸ்பெல்லிங் பீயில் இருப்பது வெறும் கணம் (உண்டா இல்லையா என்பது மட்டுமே கணக்கு). (இலங்கை நண்பர்கள் கணத்தைத் தொடை என்பார்கள், எனவே பயனர் பார்க்கும் இடத்தில் இவ்விரண்டையும் தவிர்ப்பதே நல்லது.) 'எழுத்து மீள வரலாம்' என்று ஒரு தேர்வுப்பெட்டி வைத்தால் யாருக்கும் புரியும்.

நிரலை எழுதுபவர்களுக்கும் இந்த வேறுபாடு தேவை. சொல்லில் அந்த எழுத்து உண்டா இல்லையா என்று குறிக்க 26 எழுத்துக்கும் ஒவ்வொரு பிட் ஒதுக்கினால் ஒரு சொல் 32 பிட் முழுஎண்ணுக்குள் அடங்கிவிடும், ஒப்பீடும் மின்னல் வேகத்தில் நடக்கும். ஆனால் எந்த எழுத்து எத்தனை முறை வந்தது என்ற செய்தி தொலைந்துபோகும். வரிசைமாற்றுச்சொல் தேடும்போது அப்படித் தொலைக்க முடியாது. அங்கே ஆறெழுத்தின் 720 வரிசைகளையும் ஒவ்வொன்றாக அகராதியில் தேடுவதை விட, அகராதிச் சொல் ஒவ்வொன்றின் எழுத்துகளையும் முன்கூட்டியே அகரவரிசையில் அடுக்கி வைத்துக்கொள்வதே முறை. லிசன், சைலன்ட் இரண்டும் ஈ, ஐ, எல், என், எஸ், டி என்ற ஒரே கோவையாகிவிடும். இந்தக் கோவைக்கு 'அகரநிரல்' என்ற பரிந்துரை அழகானதுதான். ஆனால் நிரல் என்றால் புரோகிராம் என்றே இன்று பொருள் கொள்ளப்படுவதால் 'வரிசைவடிவம்' என்று வைக்கலாம்.

ஸ்பெல்லிங் பீயில் ஏழு எழுத்தையும் பயன்படுத்தும் சொல்லைப் பான்கிராம் என்கிறார்கள். அதற்குத் தனிச்சொல் கேட்டவருக்கு: அது, எழுத்து மீள வரலாம் என்ற தேர்வோடு, ஒரே நேரத்தில் அடங்குசொல்லாகவும் கொள்சொல்லாகவும் இருக்கும் சொல். எனவே செயலியில் இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்த வழி செய்தாலே போதும், புதுச்சொல் தேவையில்லை.

இடைமுகம் எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உள்ளீட்டுப் பெட்டியில் எழுத்துகளை ரோமன் வடிவிலேயே காட்டுங்கள். தமிழில் எழுதினால் ஆங்கில அகரவரிசையின் நான்காம் எழுத்தும் இருபதாம் எழுத்தும் ஒரே 'டி' ஆகிவிடுகின்றன. நான் மேலே எழுதிய டி எல்லாம் இருபதாவது.

ஸ்கிராபிளின் 100 கட்டைகளில் எழுத்தில்லாத இரண்டு உண்டு. எந்த எழுத்தாகவும் கொள்ளத்தக்க அந்த இடத்துக்கு 'வெற்றெழுத்து' என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைவிடப் பொருத்தமானது இருந்தால் இந்த இழையிலேயே தெரிவியுங்கள்.