நிலாவ வரைஞ்சா மேப்போட பொருந்தல, உதவி பண்ணுங்க

பென்சில்முனை: நேத்து நைட் தியோஃபிலஸ், சிரிலஸ், கேத்தரினா மூணு கிரேட்டரையும் (வட்டக் குழி) மணிக்கணக்கா உக்காந்து வரைஞ்சேன், இப்ப மேப்ப வச்சு பாத்தா நெக்டாரிஸ் கடல் (தண்ணி இல்ல, நிலாவுல கறுப்பா தெரியுற சமவெளி) வலது பக்கம் இருக்கு, என் படத்துல இடது பக்கம். பேப்பர எப்படி சுத்தி வச்சாலும் சேரல. நிழலும் ஒரு கிரேட்டருக்கு ஒரு மாதிரி வந்திருக்கு. டெலஸ்கோப்புல கோளாறா? சீக்கிரம் சொல்லுங்க, இன்னிக்கும் வானம் தெளிவா இருக்கு

குவியம்70: என்ன டெலஸ்கோப்? லென்ஸா, கண்ணாடியா? டயாகனல் போட்டீங்களா?

வெள்ளிவட்டம்: வெளிச்சத்துல கண்ணு கூசிருக்கும். மூன் ஃபில்டர் போடுங்க, எல்லாம் சரியாயிடும்.

குவியம்70: ஃபில்டர் போட்டா இடது வலதா மாறிடுமா சார்?

வானம்பழசு: தம்பி, வாங்குன பொருளோட வர்ற தாள மொதல்ல படிக்கணும். நியூட்டோனியன்ல, அதான் கண்ணாடி டெலஸ்கோப்புல, தலைகீழாதான் தெரியும், பேப்பர 180 டிகிரி திருப்புங்க. இதெல்லாம் அரிச்சுவடி.

கருநிழல்: ஐயா, சுத்திப் பாத்துட்டேன்னுதான எழுதிருக்காரு. சுத்தியும் சேரலன்னா அது கண்ணாடி பிம்பம்.

பென்சில்முனை: 70 மிமீ லென்ஸ். டயாகனல்னா ஐபீஸ் (கண்ணு வச்சுப் பாக்குற லென்ஸ்) சொருகுற வளைஞ்ச துண்டுதான? அது இருக்கு

குவியம்70: 90 டிகிரியா 45ஆ? 45ல வர்ற எரெக்ட் பிரிசம்னா (பிம்பத்த நேரா காட்டுறது) இடது வலது மாறாது.

பென்சில்முனை: 90

கருநிழல்: அப்ப கோளாறே இல்ல. மேல கீழ சரியா இருக்கும், இடது வலது மட்டும் மாறும். மனசுல திருப்பித் திருப்பி வரையாதீங்க சொதப்பிரும், கண்ணுக்கு தெரியுறத அப்படியே போட்டுட்டு ஃபோன்ல ஃப்ளிப் பண்ணிக்கங்க. நிழல் கதை வேற. டெர்மினேட்டர், அதான் வெளிச்சமும் இருட்டும் பிரியுற கோடு, நிலாவோட நடுக்கோட்டுப் பக்கம் மணிக்கு 15 கி.மீ. கிட்ட நகரும், தியோஃபிலஸே சுமார் 100 கி.மீ.தான், மொத கிரேட்டர முடிச்சு மூணாவதுக்கு வர்றதுக்குள்ள நிழல் சுருங்கிருக்கும். அதனால உக்காந்ததும் மூணுக்கும் நிழல் ஓரத்த மட்டும் கோடு போட்டு நேரத்த எழுதிருங்க, அப்புறம் மாறுனாலும் தொடாதீங்க. நிலாவுல அங்க விடியுற நேரத்துல தியோஃபிலஸ் தரை முழுக்க கறுப்பா கெடக்கும், நடுச்சிகரத்து உச்சி மட்டும் புள்ளியா மின்னும், அத விட்டுறாதீங்க. நெக்டாரிஸ் கிழக்குல இருக்கு, அத வச்சு ஓரத்துல திசை குறிங்க.

வானம்பழசு: நெக்டாரிஸ் மேற்கு. நாங்க படிச்சது அப்படித்தான்.

கருநிழல்: 1961க்கு முந்தி. சர்வதேச வானியல் ஒன்றியம் மாத்திருச்சு, கிரைசியம் (இன்னொரு நிலாக் கடல்) பக்கம்தான் இப்ப கிழக்கு.

வானம்பழசு: கிரைசியம் நம்ம வானத்துல எந்த அடிவானத்தப் பாத்து இருக்கு? மேற்குதான? நான் பூமியிலேருந்து பாக்குறேன், நீங்க நிலாவுல போய் நின்னு பாருங்க.

கருநிழல்: மேப் போடுறவன் அங்க நின்னுதான் போடுறான் ஐயா, சூரியன் அங்க உதிக்கிறது கிரைசியம் பக்கம்.

பென்சில்முனை: ஃப்ளிப் பண்ணேன், பொருந்துது. நன்றி

குவியம்70: படத்தப் போடுங்களேன். நேரம் குறிச்சீங்களா?