லோணார் போய்வந்தவர்கள் வழி சொல்லுங்கள்

டிசம்பர் கடைசியில் அம்மாவோடும் மகளோடும் மகாராஷ்டிராவின் லோணார் ஏரிக்குப் போகிறேன். பசால்ட் என்னும் எரிமலைப் பாறையில் விண்கல் மோதி உண்டான பள்ளம், ஏறக்குறைய 1.8 கிலோமீட்டர் அகலம்! 2020 ஜூனில் ஏரி நீர் இளஞ்சிவப்பாக மாறியபோது நாளிதழில் வந்த படத்தை மகள் கத்தரித்து, மேசைக் கண்ணாடிக்கு அடியில் இன்னும் வைத்திருக்கிறாள். ஓரம் மஞ்சளடித்துவிட்டது, ஆசை குறையவில்லை.

அவுரங்காபாத்தில் (இப்போது சத்ரபதி சம்பாஜிநகர்) இறங்கி வாடகைக் கார் எடுப்பதா, ஜால்னா வரை ரயிலில் போய் பஸ் பிடிப்பதா? பள்ளத்துக்குள் இறங்கும் பாதையை அம்மாவின் முழங்கால் தாங்குமா? விளிம்பில் நின்று பார்த்தாலே போதும் என்கிறார் அவர். எனக்கோ கரையிலுள்ள கமலஜா தேவி கோயில் வரை அவரை அழைத்துப்போக வேண்டும். ஊருக்குள் இருக்கும் தைத்யசூதனர் கோயில் சிற்பங்களுக்கு அரை நாள் போதுமா? முதியவர்களோடு போனவர்கள் அவசியம் எழுதுங்கள்.