முன்னால் பார்த்தால் சரி, மேலிருந்து பார்த்தால் பாதம் வழுக்குகிறது: சிலம்பக் காலடிக்கு மெய்நிகர் கேமரா, உதவி தேவை

காலடிக்குறிப்பு:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் சிலம்ப ஆசானுக்கு 71 வயதாகிறது. அவர் காலடி வரிசைகளை வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் முன்னால் நின்று எடுத்ததில் கால் எவ்வளவு முன்னே வந்தது, பாதம் எந்தப் பக்கம் திரும்பியது என்பது பிடிபடவில்லை. உச்சியிலிருந்து பார்த்தால்தான் தரையில் அவர் போடும் கோலம் முழுதாகத் தெரியும். பக்கத்து மாடியிலிருந்தும் எடுத்துப் பார்த்தேன், தோளும் கம்பும் பாதத்தை மறைத்துவிட்டன. அதனால் மூட்டுப் புள்ளிகளை முப்பரிமாணத்தில் கண்டுபிடித்து, கணினிக்குள் ஒரு கேமராவை அவர் தலைக்கு மேலே வைத்துப் பார்க்க முயல்கிறேன்.

முதலில் ஒரே போனில் எடுத்து, மீடியாபைப் (வீடியோவில் உடலின் மூட்டுகளைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்) தரும் உலக ஆயங்களை, அதாவது மூட்டுகளின் முப்பரிமாண இட எண்களை, அப்படியே வரைந்தேன். ஆசான் எவ்வளவு நடந்தாலும் இடுப்பு ஒரே இடத்தில் நின்றது, கால்கள் மட்டும் காற்றில் ஆடின. அந்த ஆயங்களின் மையமே இடுப்பின் நடுப்புள்ளிதான் என்று பிறகுதான் படித்தேன். சரி என்று இரண்டு போனுக்கு மாறினேன்.

இப்போதைய ஏற்பாடு: இரண்டு போன்களும் ஸ்டாண்டில், ஆசானிடமிருந்து சுமார் 6 மீட்டர் தூரத்தில். 1920×1080 வீடியோ, நொடிக்கு 60 பிரேம். காலிபரேஷனுக்கு (கேமராவின் லென்ஸ் அளவுகளைக் கண்டுபிடிப்பதற்கு) ஏ4 தாளில் சதுரங்கக் கட்டம் அச்சடித்து, ஒவ்வொரு போனிலும் 40 படம் எடுத்தேன். அதைக் கணக்கிடும் ஓப்பன்சிவி நிரல் நூலகம் காட்டிய பிழை 0.4 பிக்சல்தான். ஆனால் இரண்டு போனின் புள்ளிகளையும் சேர்த்து முப்பரிமாணப் புள்ளியாக்கி, திரும்ப வீடியோ மேலேயே வரைந்தால் சராசரியாக 38 பிக்சல் தள்ளி விழுகிறது. எலும்புக்கூட்டை முன்னாலிருந்து பார்க்கும்போது ஓரளவு ஒழுங்காக இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் பாதம் முன்னும் பின்னும் வழுக்குகிறது. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் உள்ள நீளம் ஒரு பிரேமில் 34 செ.மீ., அடுத்ததில் 47 செ.மீ. இரண்டு வாரமாக நிரலை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். எங்கே பார்ப்பது என்று யாராவது சொல்லுங்கள்.

வில்லைக்கண்:

தம்பி, நிரலை இப்போதைக்குத் தொடவேண்டாம். ஆசானைக் கைகளை விரித்து 5 நொடி அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். அந்த 5 நொடிக்கு மட்டும் பிழை எவ்வளவு, சுழலும்போது எவ்வளவு என்று தனித்தனியாக எடுத்துப் போடுங்கள்.

நிற்கும்போதே பிழை பெரிதாக இருந்தால் கேமரா அளவுகளில் கோளாறு. நிற்கும்போது சின்னதாக இருந்து அசையும்போது மட்டும் பெருகினால் இரண்டு வீடியோவின் நேரம் ஒத்துப்போகவில்லை. இந்த இரண்டையும் பிரிக்காமல் சராசரி 38 என்று மட்டும் பார்த்தால் எதைத் திருத்தினாலும் பலன் தெரியாது.

இன்னொன்று: அந்த 40 படத்தையும் போட்டோவாக எடுத்தீர்களா, வீடியோவிலிருந்து எடுத்தீர்களா? ஸ்டெபிலைசேஷன் (படம் ஆடுவதைப் போன் தானே சரிசெய்வது) ஓடுகிறதா?

காலடிக்குறிப்பு:

அண்ணா, நிற்கும்போது 22 பிக்சல், சுழலும்போது 41. அப்படியானால் இரண்டு கோளாறும் இருக்கிறதா?

படங்கள் போட்டோவாக எடுத்தவை, 4000×3000. அதிலிருந்து வந்த எண்களை 1920×1080 அளவுக்குச் சுருக்கிக்கொண்டேன். ஸ்டெபிலைசேஷனை நான் தொடவே இல்லை, போனில் இருந்தபடியே இருக்கிறது.

வில்லைக்கண்:

ஆம், இரண்டும் இருக்கிறது. முதலில் நிற்கும்போது வரும் 22-ஐப் பார்ப்போம்.

1920-ஐ 4000-ஆல் வகுத்தால் 0.48. 1080-ஐ 3000-ஆல் வகுத்தால் 0.36. இரண்டும் வேறு வேறாக வருகிறதே, அதிலேயே விஷயம் தெரிந்துவிடுகிறது. போன் அந்தப் படத்தை அப்படியே சுருக்கி வீடியோவாக்கவில்லை. மேலே 375 வரிசை, கீழே 375 வரிசை வெட்டிவிட்டு மீதியைச் சுருக்கினால்தான் 1080 வரும். நீங்கள் உயரத்துக்கு 0.36 போட்டதால் குவியத் தூரமே (லென்ஸ் எவ்வளவு பெரிதாக்கிக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் எண்) நெடுக்கு வாட்டில் தவறாகிவிட்டது. சரி, 0.48 போட்டால் தீர்ந்துவிடுமா என்றால் அதுவும் இல்லை. ஸ்டெபிலைசேஷன் இருந்தால் போன் ஓரங்களை இன்னும் கொஞ்சம் வெட்டும். எவ்வளவு வெட்டுகிறது என்று அது உங்களிடம் சொல்லாது. போன் ஸ்டாண்டில் அசையாமல் நின்றாலும் இந்த வெட்டு நிற்காது.

0.4 பிக்சல் என்பது அந்தப் போட்டோக்களுக்கு மட்டும் உண்மையான எண். நீங்கள் பயன்படுத்தும் வீடியோவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆகவே ஸ்டெபிலைசேஷனை அணையுங்கள். 1x லென்ஸைத் தவிர வேறெதற்கும் போகாதீர்கள். ஃபோகஸைப் பூட்டுங்கள், அது நகர்ந்தால் குவியத் தூரமும் கொஞ்சம் நகரும். ஆசானை எடுக்கும் அதே வீடியோ அமைப்பில் சதுரங்கக் கட்டத்தை எடுத்து, அதிலிருந்து பிரேம்களைப் பிரித்துக் காலிபரேஷன் செய்யுங்கள். தாளைக் கண்ணாடியிலோ தட்டையான பலகையிலோ ஒட்டிவிடுங்கள். கட்டம் படத்தின் மூலைகளுக்கும் போகவேண்டும், சாய்த்தும் காட்டவேண்டும். எல்லாப் படத்திலும் கட்டம் நடுவில் நேராக இருந்தால் பிழை எண் அழகாகத்தான் வரும், உள்ளே இருக்கும் மதிப்பு தவறாக இருக்கும்.

மூலைமட்டம்:

கேமராக்கள் எங்கே நிற்கின்றன என்பதை எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள்? அதே ஏ4 தாளையா தரையில் போட்டீர்கள்? உங்கள் குவியத் தூரம் 1500 பிக்சல் பக்கம் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், 6 மீட்டர் தள்ளி 25 மி.மீ. கட்டம் ஒன்று 6 பிக்சல்தான் வரும். தரையில் படுத்துக் கிடந்தால் அதிலும் பாதி தெரியாது.

சுண்ணாம்பால் 4 மீட்டருக்கு 3 மீட்டர் செவ்வகம் போடுங்கள். மூலைவிட்டம் சரியாக 5 மீட்டர் இருக்கவேண்டும். கொத்தனார் அஸ்திவாரத்துக்கு மூலை பிடிக்கும் அதே கணக்கு. இரண்டு மூலைகளில் 1.5 மீட்டர் உயரத்துக்கு மூங்கில் நட்டு, நுனியில் கலர் டேப் சுற்றுங்கள். புள்ளிகள் எல்லாம் தரையிலேயே இருந்தால் கேமராவின் சாய்வு சில நேரம் தவறாக முடிவாகும், நிமிர்ந்த புள்ளிகள் அதைப் பிடித்து நிறுத்தும். ஓப்பன்சிவியில் கேமராவின் இடத்தையும் திசையையும் கண்டுபிடிக்கும் சால்வ்பிஎன்பிக்கு இந்தப் புள்ளிகளைக் கொடுத்தால் போதும், தரை தானாகவே பூஜ்ஜிய உயரமாகிவிடும். மேலிருந்து பார்க்கப்போகிறீர்கள் என்பதால் இது பெரிய வசதி.

சால்வ்பிஎன்பி தரும் இடப்பெயர்ச்சி வெக்டர் கேமரா நிற்கும் இடம் அல்ல. சுழற்சி அணியைத் திருப்பிப் போட்டு, அதால் பெருக்கி, குறியை மாற்றினால்தான் இடம் கிடைக்கும். நானே இதில் ஒரு மாதம் தொலைத்திருக்கிறேன், அதனால்தான் கேட்காமலே சொல்கிறேன்.

இரண்டு போனுக்கும் நடுவே கோணம் எவ்வளவு?

காலடிக்குறிப்பு:

ஏ4 தாளைத்தான் தரையில் போட்டேன் அக்கா. கோணம் 25 பாகை இருக்கும். களத்தின் ஒரு பக்கம் சுவர், அதனால் இரண்டையும் முன்பக்கமே வைத்தேன்.

மூலைமட்டம்:

முன்னால் பார்த்தால் சரி, மேலிருந்து பார்த்தால் வழுக்கல் என்று சொன்னதற்கு இதுதான் பெரிய காரணம். இரண்டு பார்வைக் கோடுகள் 25 பாகையில் வெட்டிக்கொண்டால், பிழை ஆழத் திசையில் நீண்டு கிடக்கும். பக்கவாட்டில் 1 செ.மீ. என்றால் ஆழத்தில் 4 செ.மீ.க்கும் மேலே. முன்னாலிருந்து பார்க்கும் கண்ணுக்கு ஆழம் தெரியாது, அதனால் எல்லாம் ஒழுங்காகத் தோன்றும். மெய்நிகர் கேமராவை மேலே கொண்டுபோனதும் ஒளிந்திருந்த பிழை அத்தனையும் படத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கோணம் 90 பாகைக்குப் பக்கத்தில் போனால் இரண்டு திசையிலும் பிழை சமமாகும். சுவர் ஓரத்தில் ஒரு போனையாவது வையுங்கள், 70 பாகை கிடைத்தாலும் நல்லதுதான்.

காலடிக்குறிப்பு:

நேற்று காலை திரும்ப எடுத்தோம். ஸ்டெபிலைசேஷன் அணைத்து, ஃபோகஸ் பூட்டி, செவ்வகம் போட்டு, கோணம் 75 பாகையாக்கி. நிற்கும்போது 22 இருந்தது 2.1 ஆகிவிட்டது! ஆசானின் கம்பைத் தரையில் கிடத்தி இரு முனையையும் குறித்து அளந்தேன். டேப்பில் 168 செ.மீ., கணக்கில் 167. முன்பு இதே கம்பு 181 வந்தது.

ஆனால் சுழலும்போது இன்னும் 24 பிக்சல். கைதட்டி, பிரேம் எண்ணைக் கண்ணால் பார்த்துத்தான் இரண்டு வீடியோவையும் இணைத்தேன்.

வில்லைக்கண்:

கண்ணால் பார்த்தால் ஒரு பிரேம் முன்னே பின்னே போவது சாதாரணம். நொடிக்கு 60 பிரேம் என்றால் ஒரு பிரேம் சுமார் 17 மில்லிநொடி. மணிக்கட்டு நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் போனால் அதற்குள் 10 செ.மீ. நகர்ந்துவிடும், உங்கள் படத்தில் 25 பிக்சல். நீங்கள் சொன்ன 24 அதோடு ஒத்துப்போகிறது பாருங்கள்.

ஆசானிடம் சொல்லி, தொடங்கும்போதும் முடிக்கும்போதும் கம்பைத் தரையில் ஓங்கி ஒரு தட்டு தட்டச் சொல்லுங்கள். இரண்டு போனுக்கும் சம தூரத்தில் தட்டவேண்டும். ஒலி 6 மீட்டர் போகவே ஏறக்குறைய ஒரு பிரேம் நேரம் ஆகும், தூரம் சமமாக இருந்தால் அது கழிந்துவிடும். ஒலித்தடத்தில் அந்த உச்சியைப் பிடித்து இணையுங்கள். முடிவில் தட்டியதும் அதே இடைவெளியில் விழவில்லை என்றால் இரண்டு போனின் கடிகாரமும் விலகுகின்றன என்று அர்த்தம்.

அப்புறம், போன்கள் பெரும்பாலும் சீரான பிரேம் வேகத்தில் எடுப்பதில்லை. பிரேம் எண்ணை 60-ஆல் வகுத்து நேரம் கண்டுபிடிக்காதீர்கள். கோப்புக்குள் ஒவ்வொரு பிரேமுக்கும் எழுதியிருக்கும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக, ஒரு வீடியோவின் நேரத்தை 2 மில்லிநொடி படியாக நகர்த்தி, இடையில் உள்ள புள்ளிகளை நிரப்பி, பிழை எங்கே குறைவோ அங்கே நிறுத்துங்கள். ஒலியால் கிடைத்த நேரத்துக்கு இருபக்கமும் 40 மில்லிநொடி தேடினால் போதும்.

புள்ளிக்கோலம்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், என் அனுபவத்தில் இரண்டு விஷயம்.

ஆசான் திரும்பி முதுகு காட்டும்போது ஏதோ ஒரு போனில் இடது காலை வலது கால் என்று மாடல் மாற்றிச் சொல்லும். சராசரியில் இது தெரியாது, சில பிரேம்களில் மட்டும் பிழை 100 பிக்சலுக்கு மேலே குதிக்கும். அந்த இடங்களில் இடது வலதை மாற்றியும் ஒரு முறை கணக்கிட்டு, எது பிழை குறைவோ அதை வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சரிசெய்யாமல் மென்மையாக்கும் வடிகட்டியைப் போட்டால் தவறான கால் பக்கத்துப் பிரேம்களுக்கும் பரவிவிடும்.

இரண்டாவது, ஊன்றிய பாதத்தைச் சோதிக்க முப்பரிமாணமே வேண்டியதில்லை. உங்களிடம் தரைச் செவ்வகத்தின் நான்கு மூலைகள் இருக்கின்றன. அவற்றை வைத்து ஒவ்வொரு போனின் படத்தையும் தனியாகத் தரைப்படமாக விரிக்கலாம். உடம்பு நிழல் போல நீண்டு அசிங்கமாக இருக்கும், பரவாயில்லை. தரையில் பட்டிருக்கும் பாதம் மட்டும் சரியான இடத்தில் விழும். இரண்டு போனும் ஒரே இடத்தைக் காட்டினால் உங்கள் ஏற்பாடு நம்பகமானது. தூக்கிய காலுக்கு இது செல்லாது.

காலடிக்குறிப்பு:

சுழலும்போது 24 இருந்தது 5-க்கு வந்துவிட்டது. இடது வலது மாறியது 31 பிரேம்களில், புள்ளிக்கோலம் சொன்னபடியே எல்லாம் முதுகு காட்டும் இடங்கள். முழங்கால் முதல் கணுக்கால் வரை இப்போது 41 முதல் 43 செ.மீ. வரைக்குள் நிற்கிறது. தரைப்படத்தில் இரண்டு போனும் ஊன்றிய குதிகாலை 2 செ.மீ.க்குள் காட்டுகின்றன.

இப்போது புதுச் சிக்கல். மெய்நிகர் கேமராவைச் சாய்வாக வைத்தால் எலும்புக்கூடு வருகிறது. நேர் உச்சிக்குக் கொண்டுபோனால் திரை வெறுமை. கேமரா (2, 1.5, 6), பார்க்கும் புள்ளி (2, 1.5, 0), மேல்திசை (0, 0, 1).

மூலைமட்டம்:

கேமரா நேர்கீழே பார்க்கிறது, நீங்கள் கொடுத்த மேல்திசையும் அதே கோட்டில் கிடக்கிறது. இரண்டையும் குறுக்குப் பெருக்கினால் பூஜ்ஜியம், அதை நீளத்தால் வகுக்கும்போது எண்ணே இல்லாத விடை வரும். மேல்திசையை (0, 1, 0) ஆக்குங்கள், வந்துவிடும். படம் தலைகீழாகவோ காணாமலோ போனால், ஓப்பன்சிவியில் கேமராவின் இரண்டாம் அச்சு கீழ்நோக்கியும் மூன்றாம் அச்சு முன்னோக்கியும் இருக்கும். பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருள்களில் இரண்டும் எதிர்த்திசை. அந்த இரண்டு அச்சுக்கும் குறியை மாற்றுங்கள்.

புள்ளிக்கோலம்:

17 புள்ளி மாடல்களுக்கு மாறிவிடாதீர்கள், அவை கணுக்காலோடு நின்றுவிடும். மீடியாபைப்பின் 33 புள்ளிகளில் குதிகாலும் கால்விரல் நுனியும் இருக்கின்றன. உங்கள் வேலையே அந்த இரண்டில்தான்.

காலடிக்குறிப்பு:

வந்துவிட்டது. குதிகாலிலிருந்து விரல் நுனிக்கு ஓர் அம்பு வரைந்து, ஊன்றிய இடங்களை மட்டும் தரையில் அழியாமல் விட்டேன். நேற்று மாலை ஆசானிடம் லேப்டாப்பைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான்கு முறை ஓடவிட்டுப் பார்த்தார். மூன்றாவது அடியில் விரலை வைத்து, "இந்த இடத்தில குதி தரையில படாதுப்பா, விரல் மேலதான் திரும்புவேன்" என்றார். என் படத்தில் குதிகால் தரையோடு ஒட்டி இருக்கிறது. வீடியோவை நிறுத்திப் பார்த்தேன், அவர் சொன்னதுதான் சரி, குதிகால் இரண்டு விரல் அளவு தூக்கியிருக்கிறது. இந்தச் சின்ன உயரத்தைப் பிடிக்க வழி உண்டா?

வில்லைக்கண்:

6 மீட்டரில் உங்களுக்கு 1 பிக்சல் என்பது 4 மி.மீ. இப்போதைய பிழை 5 பிக்சல், அதாவது 2 செ.மீ. குதிகால் தூக்கியதும் அதற்குப் பக்கத்து அளவுதான், அதனால் பிழைக்குள் மறைந்துவிடுகிறது. மூன்றாவது போன் ஒன்றைத் தரையோடு தரையாக, முழங்காலுக்குக் கீழே மட்டும் தெரியும்படி 2 மீட்டர் தூரத்தில் வையுங்கள். அங்கே 1 பிக்சல் 1.3 மி.மீ.தான். செவ்வகத்தின் மூலைகள் எல்லாம் அதில் விழாமல் போகலாம், அதனால் ஆசான் நிற்கும் இடத்தைச் சுற்றி இன்னும் ஆறேழு புள்ளிகளைச் சுண்ணாம்பால் குறித்து அளந்துகொள்ளுங்கள்.

காலடிக்குறிப்பு:

தங்கையின் போனைக் கேட்டிருக்கிறேன் அண்ணா. ஞாயிறு காலை 6 மணிக்குக் களத்தில் புள்ளி போடுகிறோம், ஆசான் தானே டேப் பிடிப்பதாகச் சொல்லியிருக்கிறார். எண்களை அன்று மாலையே இங்கே போடுகிறேன்.