அப்பாவோட விக்லாங் (மாற்றுத்திறனாளி) பென்ஷன் ரிஜெக்ட் ஆயிடுச்சு, தில்லியில அப்பீல் எங்கே போடணும்?

திரிலோக்புரி_மகள்:
அவசரம். அப்பாவுக்குக் காது கேட்காது. பென்ஷனுக்கு ஆன்லைன்ல போட்டோம், ரிஜெக்ட்னு வந்துடுச்சு. சர்ட்டிபிகேட், ஆதார், பாஸ்புக் எல்லாம் கொடுத்தாச்சு. அப்பீல் எங்கே போடணும்? லெட்டர் மாதிரி யார்கிட்டயாவது இருந்தா அனுப்புங்க, நாளைக்கே போறேன்.

கரோல்பாக்_வாசகன்:
நாளைக்கு எந்த ஆபீசுக்குப் போவீங்க? எது ரிஜெக்ட் ஆச்சுன்னே சொல்லலையே. ஆஸ்பத்திரி போர்டு சதவீதத்தைக் குறைச்சுப் போட்டதா, சமூகநலத் துறை பென்ஷனை மறுத்ததா? ரெண்டும் வேற வேற வாசல். சான்றில் எத்தனை சதவீதம்? நிரந்தரமா, தற்காலிகமா? அப்பா வயசு என்ன? நீங்க விண்ணப்பம் போட்ட இ-டிஸ்ட்ரிக்ட் வெப்சைட்ல ரிஜெக்ட் பக்கத்துல காரணம் ஒரு வரி இருக்கும், அதை எழுத்து மாறாம இங்கே போடுங்க.

ஜனக்புரி_காபி:
காரணம் பார்க்கவே வேண்டாம், ஆதார் அட்ரஸ்தான். நம்ம ஆளுங்க பாதிப் பேர் ஆதார்ல ஊர் அட்ரஸையே வெச்சிருப்பாங்க. தில்லி பென்ஷனுக்கு அஞ்சு வருஷம் இங்கே குடியிருந்ததைக் காட்டணும். அட்ரஸை மாத்திட்டு மறுபடி போடுங்க, முடிஞ்சது.

நொய்டா_செக்டர்:
எனக்கென்னவோ வருமானம்னு தோணுது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1 லட்சம் தாண்டக் கூடாது. வீட்ல வேற யார் சம்பாதிக்கிறாங்க?

திரிலோக்புரி_மகள்:
அப்பா வயசு 54. ஆதார் தில்லி அட்ரஸ்தான், 2011-லேருந்து இதே வீடு. வருமானச் சான்று 84,000. சர்ட்டிபிகேட்ல 37%னு இருக்கு. காரணம்: ஊனம் 40%க்குக் குறைவு.

கரோல்பாக்_வாசகன்:
இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கணும். அப்போ சமூகநலத் துறை மேல தப்பே இல்லை. பென்ஷனுக்கு அவங்க கேட்கிறது குறைஞ்சது 40%. 37-ஐ வெச்சுக்கிட்டு அவங்க கதவைத் தட்டினா, எத்தனை அப்பீல் போட்டாலும் இதே பதில்தான் வரும். நீங்க எதிர்க்க வேண்டியது அந்த 37-ஐ. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பிரிவு 59: சான்று கொடுத்த அதிகாரியோட முடிவில் குறை இருந்தா, மாநில அரசு நியமிச்ச மேல்முறையீட்டு அதிகாரிகிட்டப் போகலாம்.

மூத்த_குமாஸ்தா:
பாரும்மா, ஆளாளுக்கு ஆசை காட்டுறதுக்கு முன்னாடி சட்டத்தைப் படிக்கணும். அட்டவணையில தெளிவா இருக்கு: செவித்திறன் குறைவுன்னா ரெண்டு காதுலயும் 60-லேருந்து 70 டெசிபல் இழப்பு. காது கேளாதவர்னா 70. உங்க அப்பாவுக்கு நல்ல காதுல எத்தனை டெசிபல்? அது தெரியாம லெட்டர் மாதிரி கேட்கிறது, மருந்துச் சீட்டு இல்லாம மருந்துக் கடையில நிக்கிற மாதிரி. இந்த விஷயத்துக்கு இங்கே நூறு தடவை பதில் எழுதியாச்சு, தேடிப் படிங்க.

திரிலோக்புரி_மகள்:
டெசிபல் தெரியலை சார். இடது காது சுத்தமா கேட்கலைன்னுதான் டாக்டரே சொன்னார். பிறகு எப்படி 37?

ஒலிமானி:
ஆடியாலஜி வேலையில இருக்கிறவன், கணக்கைச் சொல்றேன். ரெண்டு காதோட சதவீதத்தையும் கூட்டி ரெண்டால வகுக்க மாட்டாங்க. நல்லாக் கேட்கிற காதோட சதவீதத்தை 5-ஆல் பெருக்கி, மோசமான காதோடதை அப்படியே கூட்டி, 6-ஆல் வகுப்பாங்க. ஒரு காது முழுசாப் போய் இன்னொண்ணு நல்லா இருந்தா, 100-ஐ 6-ஆல் வகுத்து 17%தான் வரும். அதனால இடது காதைப் பத்தி எவ்வளவு சொன்னாலும் பிரயோஜனம் இல்லை. உங்க வழக்கு வலது காதுல இருக்கு.

ஆடியோகிராம், அதாவது காதுச் சோதனை வரைபடத் தாளை எடுங்க. சிவப்பு வட்டம் வலது காது, நீலப் பெருக்கல் குறி இடது காது. மேலே 500, 1000, 2000, 4000னு ஒலியோட ஹெர்ட்ஸ் எழுதியிருக்கும். ஒவ்வொண்ணுக்கும் நேர் கீழே சிவப்பு வட்டம் பக்கவாட்டுல எந்த டெசிபல் எண்ணுக்கு நேரா நிக்குதுன்னு பார்த்து எழுதுங்க. தாளோட அடியில பிடிஏன்னு (அந்த டெசிபல்களோட சராசரி) ஒரு எண் இருந்தா அதையும் எழுதுங்க.

ஜனக்புரி_காபி:
இதெல்லாம் தில்லியில இழுத்தடிப்பாங்க. ஊருக்குப் போய் அங்கே ஒரு சான்று வாங்கிட்டு வாங்க. எந்த மாநிலச் சான்றும் நாடு முழுக்கச் செல்லும்.

கரோல்பாக்_வாசகன்:
செல்லும், பிரிவு 58 அதைச் சொல்லுது. ஆனா விண்ணப்பத்தை எங்கே போடலாம்னு 2017 விதிகள்ல இருக்கு: முகவரிச் சான்றுல இருக்கிற மாவட்டம், இல்லைன்னா சிகிச்சை எடுத்த அரசு ஆஸ்பத்திரி. தில்லி ஆதாரை வெச்சுக்கிட்டு ஊர்ல எப்படிப் போடுவாங்க? யுடிஐடியில (மாற்றுத்திறனாளி அடையாள அட்டைப் பதிவு) ஏற்கெனவே ஒரு பதிவு இருக்கு, அதே ஆதார்ல ரெண்டாவதைப் போட்டா மாட்டிக்கும்.

ஜனக்புரி_காபி:
அப்போ மறுபரிசோதனையில சத்தம் கேட்டதும் அமுக்கிற பட்டனைக் கொஞ்சம் லேட்டா அமுக்கச் சொல்லுங்க. கேட்டாலும் கேட்காத மாதிரி இருந்தா சதவீதம் ஏறிடும்.

ஒலிமானி:
தயவுசெஞ்சு இதைச் செய்யாதீங்க. பட்டன் அமுக்கிறதும், பேச்சைத் திருப்பிச் சொல்ற சோதனையும் ஒத்துப்போகலைன்னா உடனே தெரிஞ்சிடும். சந்தேகம் வந்தா பெரா எடுப்பாங்க. தலையில மின்முனை ஒட்டி நரம்போட பதிலை நேரா எடுக்கிற சோதனை அது, அதுல நடிக்க முடியாது. ஒரு தடவை நடிச்சவர்னு குறிப்பு எழுதிட்டா, அப்புறம் நிஜமான இழப்பையும் நம்ப மாட்டாங்க.

மூத்த_குமாஸ்தா:
பிரிவு 91-ஐயும் சேர்த்துக்கோங்க. ஏமாத்திச் சலுகை வாங்கினா ரெண்டு வருஷம் வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம், இல்லைன்னா ரெண்டும். பொதுவெளியில இப்படி யோசனை சொல்றதே தப்பு.

ஜனக்புரி_காபி:
உதவின்னு வந்தவங்களை விரட்டுறதுக்கு நூறு தடவை பதில் எழுதினேன்னு சொல்றது மட்டும் சரியா? அவங்க பதற்றத்துல கேட்கிறாங்க.

மூத்த_குமாஸ்தா:
பதற்றம்னா தாளைப் பார்க்காம இருக்கலாமா? விரட்டலை. சரியான கேள்வியைக் கேட்கச் சொன்னேன்.

நொய்டா_செக்டர்:
இதை வேற இழையில வெச்சுக்கலாமே. அந்தப் பொண்ணு எண்ணை எழுதட்டும்.

திரிலோக்புரி_மகள்:
வலது: 500-ல 45, 1000-ல 50, 2000-ல 65, 4000-ல 90. அடியில 53.3னு எழுதியிருக்கு. இடது காதுக்கு 75 போட்டிருக்கு.

ஒலிமானி:
கிடைச்சுடுச்சு. 45, 50, 65 மூணையும் கூட்டினா 160, மூணால வகுத்தா 53.3. அதாவது 4000-ஐ விட்டுட்டாங்க. அது பழைய முறை. 2018 ஜனவரியில அறிவிச்ச வழிகாட்டுதல்லேருந்து 500, 1000, 2000, 4000 நாலையும் சேர்த்துத்தான் சராசரி. நாலையும் கூட்டினா 250, நாலால வகுத்தா 62.5. ஒன்பது டெசிபல் வித்தியாசம், அதுவும் ஐந்து மடங்கு எடை உள்ள காதுல. இடது காதுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்க. சத்தத்துல வேலை பார்த்தவங்களுக்கு 4000 பக்கம்தான் முதல்ல விழும், அதை விட்டா இழப்புல ஒரு பகுதி மறைஞ்சிடும்.

மூத்த_குமாஸ்தா:
62.5 என்றால் நான் சொன்ன 60-ஐயும் தாண்டுது. சரி, வழக்கு இருக்கு. முதல்ல ஆர்டிஐ போட்டுக் கணக்குத் தாளை வாங்குங்க. 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர், 30 நாள்ல பதில் தரணும்.

கரோல்பாக்_வாசகன்:
ஆர்டிஐ போடலாம், ஆனா அதுக்காகக் காத்திருக்கக் கூடாது. மேல்முறையீட்டுக்கு மாநில விதியில கெடு உண்டு. முதல்ல அப்பீலைக் கொடுங்க, ஆர்டிஐ பதில் வந்ததும் பின்னிணைப்பாச் சேருங்க.

கடிதம் ஒரு பக்கம் போதும். மேலே "மேல்முறையீட்டு அதிகாரி, பிரிவு 59", நகல் ஆஸ்பத்திரி மெடிக்கல் சூப்பரின்டென்டன்டுக்கு. யார் அந்த அதிகாரின்னு சான்று கொடுத்த பிரிவுலயே கேட்டு எழுதிக்கோங்க. உள்ளே சான்று எண், தேதி, யுடிஐடி பதிவெண். அப்புறம் நாலு எண்களையும் ரெண்டு கூட்டலையும் அப்படியே எழுதி, "4000 ஹெர்ட்ஸ் விடுபட்டுள்ளது, நான்கையும் சேர்த்து மறுகணக்கீடு செய்யவும், தேவையெனில் மறுபரிசோதனை செய்யவும்"னு கேளுங்க. வறுமை, கஷ்டம் எதையும் எழுத வேண்டாம், மருத்துவ போர்டு அதை எடுத்துக்காது. ரெண்டு பிரதி கொண்டு போங்க. ஒண்ணுல முத்திரையும் டைரி நம்பரும் வாங்காம அந்தக் கவுண்டரை விட்டு நகராதீங்க. பதிலே வராம இழுத்தா மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர்கிட்டப் புகார் கொடுக்கலாம். விசாரணையில ஆட்களையும் ஆவணங்களையும் வரவழைக்கச் சிவில் கோர்ட் அதிகாரம் அவருக்கு இருக்கு.

ஒலிமானி:
மறுபரிசோதனைக்குக் கூப்பிட்டா முன்னாடியே காதுல மெழுகு இருக்கான்னு காட்டிச் சுத்தம் பண்ணிடுங்க. முந்தின நாள் இரவு சத்தமான இடத்துல வேலை வேண்டாம். எலும்பு வழிச் சோதனையும் (காதுக்குப் பின்னாடி எலும்புல அதிர்வு கொடுத்துப் பார்க்கிறது) எடுத்தாங்களான்னு பாருங்க. காற்று வழிக்கும் (ஹெட்போன்ல கேட்கிறது) எலும்பு வழிக்கும் பெரிய இடைவெளி இருந்தா, சிகிச்சையில சரியாகலாம்னு சொல்லித் தற்காலிகச் சான்றுதான் கொடுப்பாங்க. தனியா ஒரு அறிக்கை வேணும்னா அலி யாவர் ஜங் தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்தோட நொய்டா மையத்துல எடுக்கலாம்.

நொய்டா_செக்டர்:
40 வந்தா யுடிஐடி அட்டை நிறமும் மாறும். 40-க்குக் கீழே வெள்ளை, 80-க்குக் கீழே வரை மஞ்சள், 80-லேருந்து நீலம். மஞ்சள் வந்த பிறகு பென்ஷனுக்குப் புதுசா விண்ணப்பம் போடுங்க.

கரோல்பாக்_வாசகன்:
போய் வந்தீங்களா? டைரி நம்பர் கொடுத்தாங்களா?

திரிலோக்புரி_மகள்:
கொடுத்தாச்சு. முதல்ல வாங்க மாட்டேன்னாங்க, கூட்டலைக் காட்டினதும் உள்ளே கூப்பிட்டாங்க. டைரி நம்பர் இருக்கு. இடது காதுலயும் 4000-ஐ விட்டிருக்காங்க. அடுத்த செவ்வாய் மறுபரிசோதனை.